கொளஞ்சியப்பன் கிணற்றுக்குக் கிடைத்த சான்றிதழ்

கள்ளக்குறிச்சியில் பழைய கடலை மில் ஒன்றை வாடகைக்கு எடுத்து அரசாங்கம் ஒரு நிலையம் தொடங்கியது. அதன் பெயர் ‘மண்டலப் பூச்சிமருந்து மற்றும் களைமருந்து எச்சப் பிரிப்பு, பகுப்பாய்வு, மேம்பாட்டு ஆராய்ச்சி நிலையம்’. பெயர்ப்பலகை எழுதி வந்தபோது அது கட்டடத்தைவிட ஆறடி நீளமாக இருந்தது. பலகையைக் குறைக்க அனுமதி வாங்க வேண்டுமானால் இரண்டு வருஷம் ஆகும். கட்டடத்தை நீட்ட அனுமதி எதுவும் வேண்டியதில்லை. ஆகவே மில்லோடு ஒட்டி ஒரு கீற்றுக்கொட்டகை போட்டுப் பலகையைத் தாங்க வைத்தார்கள். கட்டடத்துக்குள் நிர்வாகம் நடந்தது. ஆராய்ச்சி அந்தக் கொட்டகையில் நடந்தது.

எண்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கச்சிராயபாளையம் பக்கத்துக் கொளஞ்சியப்பன் அங்கே வந்து சேர்ந்தார். இரண்டரை ஏக்கர் கரும்பு, ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு என்று அவர் பாட்டுக்கு இருந்த மனிதர். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர் மனைவி அமிர்தம் நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கிணற்றுத் தண்ணீர் பினாயில் வாடை அடிக்க ஆரம்பித்தது. மேல்காட்டுக்காரர் கரும்புக்குக் களைமருந்து அடித்துவிட்டு மிச்சத்தையும் டப்பாவையும் இவர் கிணற்று ஓரத்திலேயே கழுவி ஊற்றிவிட்டுப் போயிருந்தார். மீன்கள் மல்லாந்தன. மாடுகள் தொட்டியில் மூக்கை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. அமிர்தம் மட்டும் ஒரு வாரம் அதைக் குடித்துவிட்டாள். மசக்கையில் அவளுக்கு எல்லாமே நாறியதால் தண்ணீர் நாறியது தனியாகத் தெரியவில்லை.

கொளஞ்சியப்பனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு வார்த்தை. இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா, கூடாதா? அது தெரிகிற வரைக்கும் ஒன்றரை மைல் தள்ளியிருந்த பொதுக்குழாயிலிருந்து சைக்கிளில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு வந்தார்.

நிலையத்தின் தலைமை எழுத்தர் அன்புச்செல்வன், கொளஞ்சியப்பன் நீட்டிய பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இது இன்னா?”

“கெணத்துத் தண்ணிங்க.”

“பிராந்தின்னு போட்டுக்குதே?”

“பாட்டிலு பிராந்தி பாட்டிலுங்க. உள்ள தண்ணி.”

“லேபிள்ல இன்னா இருக்குதோ அதத்தான் நான் பதிவேட்டுல ஏத்த முடியும்.”

“அப்ப லேபிள கிழிச்சிடறங்க.”

“கிழிச்சிடுவியா? மேஜமேல வெச்சிட்டல்ல, இனிமே அது அரசாங்க சாம்பிள். கைய வெச்சா கேஸாயிடும்.”

பதிவேட்டில் ‘பிராந்தி, நிறமற்றது, பினாயில் வாடையுள்ளது’ என்று ஏறியது. பிராந்தி இந்த நிலையத்தின் வரம்புக்குள் வராது என்பதால் மதுவிலக்குப் பிரிவுக்குப் போனது. அந்தப் பிரிவினர் கொளஞ்சியப்பன் வீட்டுக்கு வந்து வைக்கோல் போரைக் கலைத்து, அடுக்குப் பானைகளை இறக்கி, அமிர்தத்தின் கஷாயச் சட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று வாரம் கழித்து, ‘அனுப்பப்பட்ட பொருள் பிராந்தி அல்ல, தண்ணீர்’ என்று முத்திரையிட்ட கடிதம் வந்தது. அன்புச்செல்வன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

“பாத்தியா? இப்பதான் இது சட்டப்படி தண்ணி. இனிமே கொட்டாயிக்குப் போ.”

கொட்டகையில் ஜெயசுதா இருந்தாள். திருக்கோவிலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற தற்காலிக ஆராய்ச்சியாளர். நிலையத்தின் பதினோரு நிரந்தர ஊழியர்களும் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டதால் ஆராய்ச்சி மொத்தமும் அவள் தலையில் விழுந்திருந்தது. இரண்டு வருஷம் போராடி அவள் ஒருவகைப் பிளாஸ்டிக் மணிகளைத் தயாரித்திருந்தாள். பார்ப்பதற்கு மஞ்சள் ஜவ்வரிசி. அவற்றை நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்றில் அடைத்து நிறுத்தியிருந்தாள்.

“அண்ணே, ஒவ்வொரு மணியிலயும் கோடிக்கணக்குல எடம் இருக்குதுன்னு வெச்சிக்கங்க. இப்ப அதுல உப்போட பாதி உக்காந்துக்கினு இருக்குது. உங்க தண்ணிய மேல ஊத்தனா களமருந்து வந்து அதத் தள்ளிட்டு உக்காந்துக்கும். தண்ணி மட்டும் சுத்தமா கீழ எறங்கிடும்.”

“மருந்து?”

“மணியிலயே நிக்கும். அப்பறமா நாம கெட்டியா உப்புத் தண்ணி ஊத்தணும். உப்பு கூட்டமா வந்து மருந்த எழுப்பி வுட்டுடும். அப்ப எறங்கறதப் புடிச்சி, அமிலம் போட்டுக் காய்ச்சனா ஊதா கலர் வரும். வந்தா மருந்து இருக்குது. வரலன்னா இல்ல. அவ்ளோதான்.”

கொளஞ்சியப்பன் குழாயை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “அப்ப இதுக்குள்ளயும் எடத்துக்குத்தான் சண்டையா?” என்று கேட்டார்.

ஜெயசுதா வாய்விட்டுச் சிரித்தாள். வாசலில் நின்றிருந்த அன்புச்செல்வன் சிரிக்கவில்லை. அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த சமயம். சுவர்களில் எல்லாம் சுண்ணாம்பால் சதவிகிதம் எழுதியிருந்தார்கள். அரசாங்க நிலையத்தில், அரசாங்கக் குழாய்க்குள் இடப் பிரச்சினை நடக்கிறது என்ற செய்தி ஐந்து நிமிஷத்தில் இயக்குநர் வெங்கடேசனின் காதுக்குப் போய்விட்டது.

இயக்குநர் உடனே கூட்டம் போட்டார். புகார் தண்ணீர் சம்பந்தப்பட்டது என்பதால் கொளஞ்சியப்பனையும் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

“விஞ்ஞானத்துக்குச் சாதி கிடையாது,” என்று இயக்குநர் ஆரம்பித்தார். “இந்த நிலையத்தில் சாதி என்ற பேச்சே எழுந்தது இல்லை. ஏன் எழவில்லை? பதினோரு பேர் இருக்கிறோம். எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தக்காரர்கள் மாதிரி பழகுகிறோம்.”

“மாதிரி இல்லீங்க சார், சொந்தக்காரங்கதான்,” என்று அன்புச்செல்வன் எடுத்துக் கொடுத்தார். அவர் இயக்குநரின் சின்ன மச்சான்.

“அதைத்தான் சொல்கிறேன். திறமை ஒன்றைத்தான் பார்த்தோம். பார்த்ததில் திறமை தற்செயலாக ஒரே குடும்பத்தில் இருந்தது. அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?”

எதுவும் செய்ய முடியாது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். கூட்டத்தின் முடிவில் ஒரு சுற்றறிக்கை வந்தது. நிலைமை சீராகும்வரை ஆராய்ச்சி அறிக்கைகளில் ‘இடம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அதற்குப் பதிலாக ‘அது’ என்று போட வேண்டும். ‘உட்காருதல்’, ‘தள்ளுதல்’ ஆகியவையும் பதற்றத்தை உண்டாக்கும் சொற்கள். ஜெயசுதாவின் நூற்று நாற்பது பக்க அறிக்கையை அன்புச்செல்வனே திருத்தித் தட்டச்சுக்குக் கொடுத்தார். அதன் முக்கியமான வரி இப்படி வந்தது: ‘அதில் இருந்த அதை அது அப்படிச் செய்துவிட்டு அதில் அது அவ்வாறு ஆகிறது.’ சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

இந்தக் கூத்துக்குள் ஆவணி பிறந்துவிட்டது. அமிர்தத்துக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. கொளஞ்சியப்பன் சைக்கிள் மிதித்தபடியே இருந்தார். ஒருநாள் போய்க் கேட்டதற்கு, சோதிப்பதற்கு ஒரு தடை இருக்கிறது என்றார் அன்புச்செல்வன். கெட்ட தண்ணீரைக் கெட்டது என்று சொல்ல, பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல தண்ணீர் வேண்டும். நிலையத்தில் காய்ச்சி வடிக்கிற தண்ணீர் இயக்குநரின் கார் பேட்டரிக்கே சரியாக இருக்கிறது.

“கல்வராயன் மலமேல மருந்து வாசனையே கெடையாதாம். வெள்ளிமலையில போயி ஒரு கேன் கொண்டாந்துடு. நம்ம ஜீப் போவாது. ரோடு மறியல் அறிவிச்சிக்கிறாங்க.”

ஜீப் போகாத சாலையில் கொளஞ்சியப்பன் போனார். அந்த ஒரு வாரம் பஸ் இல்லை, லாரி இல்லை. சாலையோரப் புளியமரங்கள் எல்லாம் குறுக்கே கிடந்தன. மலைப்பாதை முழுக்க நடந்து ஏறி, கால் வீங்கி, வெள்ளிமலை போய்ச் சேர்ந்தார். அங்கே சாமைக் கொல்லையில் நின்றிருந்த சின்னக்கண்ணு அவரைச் சுனைக்குக் கூட்டிப்போனார்.

“இங்க மருந்து அடிக்கறதில்லயாங்க?”

“சாமைக்கு யாரு மருந்து அடிப்பாங்க? மழ பேஞ்சா வெளையும். இல்லாட்டி இல்ல.” சின்னக்கண்ணு கேனை நிரப்பித் தானே கழுவித் துடைத்துக் கொடுத்தார். “தண்ணிக்காவ இம்மாந் தூரமா? வூட்ல ஆரும் தண்ணி இல்லாம கெடக்குறாங்களா?”

கொளஞ்சியப்பன் அமிர்தத்தைப் பற்றிச் சொன்னார். சின்னக்கண்ணு உள்ளே போய் ஒரு சின்ன மூட்டை சாமையும் கொண்டுவந்து தோளில் வைத்தார். முழுகாமல் இருக்கிற பெண்ணுக்கு இது நல்லது என்றார்.

இறங்கும்போது ஒவ்வொரு மரத்தின் மேலும் ஏறிக் குதிக்க வேண்டியிருந்தது. மறியல்காரர்கள் கேனைக் கைமாற்றி வாங்கி அந்தப் பக்கம் இறக்கிக் கொடுத்தார்கள். போலீஸ்காரர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள். கள்ளக்குறிச்சியில் அன்புச்செல்வன் மட்டும்தான் நிறுத்தினார்.

“இது நல்ல தண்ணின்னு சர்டிபிகேட் எங்க?”

“சுனத் தண்ணிங்க. பாத்தாலே தெரியுது.”

“பாத்து சொல்றதுக்கா கவர்மெண்ட் நெலையம் வெச்சிக்குது? சோதிச்சி சொல்லணும்.”

“சோதிங்க.”

“சோதிக்கணும்னா பக்கத்துல வெச்சிப் பாக்க நல்ல தண்ணி வேணுமே?”

கொளஞ்சியப்பன் கேனைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இந்தச் சிக்கலை இயக்குநர் தீர்த்து வைத்தார். சென்னையிலிருந்து உயரதிகாரி ஒருவர் வரும் நாளில், பொதுமக்கள் முன்னிலையில், இரண்டு தண்ணீரையும் அடுத்தடுத்துச் சோதித்துவிடலாம். ஐப்பசியில் நாள் குறித்து நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தது. இறைவணக்கம், வரவேற்பு, முதல் மாதிரியைக் குழாயில் ஊற்றுதல், இரண்டாம் மாதிரியைக் குழாயில் ஊற்றுதல், சான்றிதழ் வழங்கல், நன்றியுரை, மதிய உணவு.

ஜெயசுதா அதைப் படித்துவிட்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள். கொளஞ்சியப்பனும் பின்னாலேயே போய் வாசலில் நின்றார்.

“சார், நடுவுல உப்புத் தண்ணி ஊத்தணும் சார். அப்பதான் மணியில இருக்கற மருந்து எறங்கும். மொதல்ல எறங்கறது வெறுந் தண்ணி.”

“இரண்டு மாதிரி என்று அச்சடித்தாயிற்று. மூன்றாவதாக உப்புத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?”

“அது சாம்பிள் இல்ல சார். அதுதான் சோதனையே.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் பிடிவாதக்காரன் இல்லை அம்மா. இளைஞர்களுக்கு விட்டுக்கொடுப்பவன். உனக்கு உப்பு வேண்டும், அவ்வளவுதானே? இரண்டாவது மாதிரியில் கலந்துவிடு. உன் உப்பும் போன மாதிரி ஆயிற்று, நிகழ்ச்சி நிரலும் கெடாது.”

“சார், அப்பிடிப் பண்ணா எல்லாம் தலகீழாயிடும்!”

“உன் வேலை தற்காலிகம் என்பது நினைவிருக்கிறதா?”

அவள் கலக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்புச்செல்வன் கலந்தார். மதிய உணவுக்கு வாங்கி வைத்திருந்ததிலிருந்து ஒரு கிலோ கல்லுப்பு.

விழா நன்றாகவே நடந்தது. கொளஞ்சியப்பன் கிணற்றுத் தண்ணீர் குழாய்க்குள் போனது. கீழே இறங்கியதை அமிலம் சேர்த்துக் காய்ச்சினார்கள். எந்த நிறமும் வரவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து வெள்ளிமலைச் சுனைநீர், ஒரு கிலோ உப்போடு, அதே குழாய்க்குள் போனது. அதைக் காய்ச்சியபோது ஊதா நிறம் எழும்பி வந்தது. நல்ல அழுத்தமான ஊதா. நிறம் வந்த சந்தோஷத்தில் இதற்கு இன்னும் அதிகமாகக் கைதட்டினார்கள்.

உயரதிகாரி மைக்கைப் பிடித்தார். “பாவம், அந்த மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக விஷத்தைக் குடித்துவந்திருக்கிறார்கள். அவர்களுக்கே அது தெரியாது. எப்படித் தெரியும்? நாம் போய்ச் சொன்னதே இல்லையே! அவர்களுக்காக நான் இன்று மதியம் ஒரு வாய் குறைவாகச் சாப்பிடுவேன்.”

அதற்கும் கைதட்டல். கொளஞ்சியப்பனை மேடைக்குக் கூப்பிட்டுச் சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். ‘இக்கிணற்று நீர் களைமருந்து எச்சம் ஏதுமற்றது. குடிக்க உகந்தது.’ இறங்கி வரும்போது ஜெயசுதா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“அண்ணே, அந்த ஊதா உங்க தண்ணியோடது. மணியில நின்னுருந்தது உப்பப் போட்டதும் எறங்கிடுச்சி. அக்காவுக்கு அந்தக் கெணத்துலருந்து ஒரு சொட்டுகூட குடுத்துடாதீங்க.”

மூன்று மாதமாகத் தேடிய ஒரு வார்த்தை கொளஞ்சியப்பனுக்குக் கிடைத்துவிட்டது. அதற்கு நேர்மாறானது சட்டம் போட்டுக் கையில் இருந்தது. மறுநாளே அமிர்தத்தைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனார். குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று கேட்டபோது அவருக்குப் பாதி உயிர் திரும்பியது. டாக்டர் சான்றிதழை வாங்கிப் படித்துவிட்டு, வேறு எங்கேயும் குடிக்க வேண்டாம், இந்தக் கிணற்றுத் தண்ணீரையே நிறையக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார்.

அடுத்த வாரம் ஜெயசுதாவின் தற்காலிகம் முடிந்துபோனது. அதே வாரம் வெள்ளிமலைச் சுனையைச் சுற்றி முள்கம்பி கட்டி ‘விஷம்’ என்று பலகை வைத்தார்கள். மலைமக்கள் கம்பிக்கு அடியில் கையை விட்டு மொண்டார்கள். அதற்காக மூன்று பேர்மீது வழக்குப் போட்டார்கள். அதில் ஒருவர் சின்னக்கண்ணு. பிறகு, மலைக்கு லாரியில் நல்ல தண்ணீர் அனுப்புவது என்று உத்தரவு வந்தது. தாலுகாவிலேயே களைமருந்து இல்லை என்று சான்றிதழ் பெற்ற கிணறு ஒன்றே ஒன்றுதான்.

கொளஞ்சியப்பன் இயக்குநரிடம் ஓடினார்.

“ஐயா, என் கெணறு வெஷங்க. நானே சொல்றங்க.”

“நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?”

“எட்டாவதுங்க.”

“எட்டாவது படித்தவர் எழுப்புகிற சந்தேகத்துக்கு முனைவர் பட்டம் பெற்றவன் பதில் சொன்னால் முனைவர் பட்டத்துக்கு என்ன மரியாதை? உங்கள் கிணறு உங்களுக்குச் சொந்தம். அதன் தூய்மை அரசாங்கத்துக்குச் சொந்தம்.”

கார்த்திகை முதல் வாரம் விடியற்காலையில் லாரி வந்தது. கள்ளக்குறிச்சி அன்சர் ஓட்டிவந்தான். முதல் லோடு மரியாதை நிமித்தமாக அரசு அலுவலகங்களுக்கு, இரண்டாவது லோடு மலைக்கு என்று அவனுக்கு உத்தரவு. கொளஞ்சியப்பன் எவ்வளவோ கெஞ்சினார்.

“நான் லாரி ஓட்றவன்ணே. நெறப்புன்னா நெறப்புவேன். நீ சொல்றத நான் நம்பறேன், ஆனா ஆர்டர்ல என் பேர் போட்டுக்குதே.” முதல் லோடை நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது அவன் தயங்கி நின்றான். “திரும்பி வர மூணு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள இன்னாவாச்சும் பண்றதுனா பண்ணு.”

அமிர்தம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். வயிற்றில் ஒரு கை இருந்தது. “அவங்க நமக்குத் தண்ணியும் குடுத்து சாமையும் குடுத்து அனுப்புனாங்க. அவங்க புள்ளைங்களுக்கு நாம இதையா குடுக்கறது?” என்றாள்.

கொளஞ்சியப்பன் கோடாலியை எடுத்துப்போனார். வண்டிப்பாதை திரும்பும் இடத்தில் அவருடைய பூவரச மரம் நின்றது. அதை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அன்சர் வந்து மரத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இஞ்சினை நிறுத்தினான். அந்த வருஷம் தென்னாற்காட்டில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்தால் போதும், போலீஸ் ஜீப் தானாகவே வரும். வந்தது.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் தண்ணீர்ப் பானை இருந்தது.

“எந்தச் சங்கம்?”

“சங்கம் ஒண்ணும் இல்லீங்க.”

“எத்தினி பேரு?”

“நான் மட்டுந்தாங்க.”

“கோரிக்கை?”

“அந்தத் தண்ணிய யாரும் குடிக்கக் கூடாதுங்க.”

“எந்தத் தண்ணிய?”

“என் கெணத்துத் தண்ணியங்க.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு மாதத்தில் முந்நூறு பேரிடம் கோரிக்கை எழுதியிருக்கிறார். இப்படி ஒன்றை எழுதியதில்லை. கொளஞ்சியப்பன் மீன் செத்ததிலிருந்து ஆரம்பித்து, மணி, உப்பு, ஊதா நிறம், சின்னக்கண்ணு, அமிர்தம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

“கவர்மெண்ட் சர்டிபிகேட் குடுத்துக்குது. நீ இல்லன்ற. நான் யார நம்பறது?”

“காலைல மொத லோடு கவர்மெண்ட் ஆபீசுங்களுக்குத்தாங்க வந்தது. இங்க ஊத்தலீங்களா?”

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார். கான்ஸ்டபிள் பானையைப் பார்த்தார்.

“ஊத்துனாங்க சார். பான ரொப்பி வெச்சன். நீங்ககூட, பானைய எதுக்குடா பினாயில் போட்டுக் கழுவுனன்னு என்னத் திட்னீங்களே சார்.”

இன்ஸ்பெக்டர் தொண்டையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். காலையிலிருந்து இரண்டு தம்ளர் குடித்திருந்தார். பானையை வெளியே எடுத்துப்போகச் சொன்னார். செடிக்கு ஊற்றிவிடாதே என்றும் சொன்னார். பிறகு அச்சடித்த தாளை மேஜை டிராயருக்குள் தள்ளிவிட்டுப் பேனாவை மூடினார்.

“அந்த மரத்த எடுக்க எத்தினி நாளாவும்?”

“பூவரசுதானுங்க. நீங்க சொன்னா இப்பவே போயி சாயந்தரத்துக்குள்ள எடுத்துடறங்க.”

“அவசரமில்ல,” என்றார் இன்ஸ்பெக்டர்.

கொளஞ்சியப்பன் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.